எட்ஜ் சுவிட்சை ஃபேப்ரிக்கில் சேர்ப்பதா, என்பிவியில் நிறுத்துவதா?

பிளேட் சேஸிஸ், அதாவது மெல்லிய சர்வர்களை (பிளேடுகளை) அடுக்கும் பெட்டி, வந்து இறங்கிவிட்டது. பின்பக்கம், சர்வர்களை ஸ்டோரேஜோடு இணைக்கும் ஃபைபர் சேனல் சுவிட்ச் மாட்யூல்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் உள்ளே பிளேடுகளைப் பார்த்தபடி 16 போர்ட், வெளியே 8 போர்ட். ஹெச்பி சி7000 சேஸிஸுக்கு சிஸ்கோவும் பிரோகேடும் செய்து கொடுத்த 24 போர்ட் மாட்யூல்கள் இந்தக் கணக்கில்தான் இருந்தன. ரேக்கில் ஏற்றி, பவர் கொடுத்து, கேபிள் இழுக்கும் நேரத்தில் சான் டீமிடம் (ஸ்டோரேஜ் நெட்வொர்க்கைப் பார்ப்பவர்கள்) ஒரு கேள்வி வரும்: "இதை சுவிட்சாவே விடவா, என்பிவில போடவா?" அதாவது, சேஸிஸில் இருக்கும் இந்த எட்ஜ் சுவிட்ச், நடுவில் இருக்கும் கோர் சுவிட்சோடு சேர்ந்து ஃபேப்ரிக் எனும் சுவிட்ச் வலையின் உறுப்பினராக வேண்டுமா, அல்லது என்பிவி மோடில் கோருக்கு ஒரு சர்வர் மாதிரி தெரிய வேண்டுமா?

இரண்டு நிமிடத்தில் யாராவது ஒரு பதிலைச் சொல்லிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து அது தப்பு என்று தெரிந்தால், மாற்றுவதற்கு ஒரு முழு இரவு போகும். சிஸ்கோ எம்டிஎஸ் சுவிட்சை என்பிவிக்கு மாற்றினால் கான்ஃபிகரேஷன் அழிந்து, ரீபூட் ஆகித்தான் எழும். பிரோகேடில் சுவிட்சை டிசேபிள் செய்துவிட்டுத்தான் ஆக்சஸ் கேட்வே மோடுக்குப் போக முடியும். அதுவும் ரீபூட் ஆகும், அதிலிருந்த ஜோனிங்கும் (எந்த சர்வர் எந்த ஸ்டோரேஜைப் பார்க்கலாம் என்ற விதிகள்) போய்விடும். ஆகவே சர்வர் ஏறுவதற்கு முன்னாலேயே உட்கார்ந்து யோசித்துவிடுவது நல்லது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். என்பிவி, என்பிஐவி என்று இரண்டு சொற்கள் உண்டு. ஒரு எழுத்துதான் வித்தியாசம் என்பதால் மீட்டிங்கில் பாதிப் பேர் ஒன்றைச் சொல்லி இன்னொன்றை நினைத்துக்கொண்டிருப்பார்கள். என்பிஐவி என்பது ஒரே போர்ட்டில் பல முகவரிகள் வாங்கிக்கொள்ளும் வசதி. டி11 குழுவின் ஃபைபர் சேனல் தரத்தில் இருப்பது. எந்த வெண்டருக்கும் பொது. என்பிவி என்பது அந்த வசதியைப் பயன்படுத்தி ஒரு சுவிட்ச், தான் சுவிட்ச் என்பதையே மறைத்துக்கொண்டு சர்வர் மாதிரி நடிக்கும் மோடு. சிஸ்கோ அதை என்பிவி என்கிறது, பிரோகேட் ஆக்சஸ் கேட்வே என்கிறது. சிஸ்கோவின் யுசிஎஸ் சர்வர்களில் எண்ட் ஹோஸ்ட் மோடு என்று பெயர். எட்ஜில் என்பிவி, கோரில் என்பிஐவி. இரண்டும் சேர்ந்தால்தான் வண்டி ஓடும்.

நடப்பது இதுதான். சாதாரணமாக ஒரு சர்வரின் ஹெச்பிஏ (ஃபைபர் சேனல் கார்டு) சுவிட்சிடம் ஃப்ளோகி என்ற லாகினை அனுப்பும். சுவிட்ச் அதற்கு 24 பிட் முகவரி ஒன்றைக் கொடுக்கும். முதல் 8 பிட் டொமைன், அதாவது எந்த சுவிட்ச். நடு 8 பிட் ஏரியா, பொதுவாக எந்த போர்ட். கடைசி 8 பிட் அந்த போர்ட்டுக்குள் யார் என்பது. பழைய தெருக்களில் கதவு எண் 12 என்று ஒரே வாசல் இருக்கும். உள்ளே போனால் 12/1, 12/2, 12/3 என்று குடித்தனங்கள் இருக்கும். என்பிஐவியும் அப்படித்தான். கோர் சுவிட்சின் ஒரு போர்ட்டில் எட்ஜ் முதலில் தனக்காக ஃப்ளோகி செய்யும். அதற்கு 010200 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிறகு பின்னால் இருக்கும் சர்வர்கள் அனுப்பும் ஃப்ளோகியை எல்லாம் எஃப்டிஸ்க் என்ற துணை லாகினாக மாற்றி மேலே அனுப்பும். அவற்றுக்கு 010201, 010202 என்று வரிசையாக முகவரி கிடைக்கும். எல்லா சர்வருக்கும் முன்னால் நிற்பது 01, கோரின் டொமைன் எண். எட்ஜுக்கென்று டொமைனே கிடையாது.

எட்ஜை முழு சுவிட்சாக விட்டால் கதை வேறு. அது ஃபேப்ரிக்கின் உறுப்பினர் ஆகிறது. கோருக்கும் அதற்கும் நடுவே இருப்பது ஐஎஸ்எல், அதாவது சுவிட்சுக்கும் சுவிட்சுக்குமான இணைப்பு. தனி டொமைன் எண் வேண்டும், ஜோனிங் டேட்டாபேஸின் நகல் வேண்டும், நேம் சர்வர் (லாகின் ஆனவர்களின் பட்டியல்), எஃப்எஸ்பிஎஃப் ரூட்டிங் (வழி தேடுவது) எல்லாம் அதிலும் ஓடும்.

டொமைன் எண்கள் 1 முதல் 239 வரை. அவ்வளவு இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் வெண்டர்கள் சோதித்துப் பார்த்து "இத்தனை சுவிட்ச் வரை சப்போர்ட் உண்டு" என்று எழுதிக் கொடுக்கும் எண்ணிக்கை அதைவிட மிகக் குறைவு. ஒன்று போனாலும் மற்றது தாங்க, ஃபேப்ரிக்குகள் இரண்டு இருக்கும். ஒரு சேஸிஸுக்கு ஃபேப்ரிக் ஒன்றில் ஒரு சுவிட்ச் என்றால், 20 சேஸிஸ் வாங்கும் கம்பெனிக்கு ஒவ்வொரு பக்கமும் 20 டொமைன் போகிறது. என்பிவி பிறந்ததற்கு முதல் காரணமே இந்தப் பிளேட் பெருக்கம்தான்.

எண்ணிக்கையை விட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. ஃபேப்ரிக்கில் சேரும் ஒவ்வொரு சுவிட்சும் ஃபேப்ரிக்கைக் கெடுக்கவும் உரிமை பெறுகிறது. ஒருமுறை நாங்கள் டெஸ்ட் லேபில் கிடந்த பழைய சுவிட்ச் ஒன்றை அவசரத்துக்கு எடுத்துவந்து புரொடக்‌ஷன் ஃபேப்ரிக்கில் செருகினோம். அதில் டொமைன் எண் 1. எங்கள் கோரிலும் 1. இணைப்பு செக்மென்ட் ஆகித் தனியாக நின்றுவிட்டது. எண்ணை மாற்றிவிட்டு மறுபடி செருகினால், லேபின் பழைய ஜோனிங் உள்ளே இருந்து அதனால் மோதல். இரண்டு தடவையும் புரொடக்‌ஷனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். சுவிட்சைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு எடுத்துவராதது எங்கள் தப்பு. அதே பெட்டி என்பிவியில் இருந்திருந்தால் இந்த இரண்டு மோதலுக்கும் இடமே இல்லை. மோதுவதற்கு அதனிடம் டொமைனும் கிடையாது, ஜோனிங்கும் கிடையாது.

வெண்டர் கலப்பு உள்ள இடத்தில் என்பிவிக்கு ஏறக்குறைய போட்டியே இல்லை. பிரோகேட் கோரில் சிஸ்கோ எட்ஜை ஐஎஸ்எல் வழியாக இணைக்க முன்பு இன்டர்ஆப் மோடு என்று ஒன்று இருந்தது. அதில் வேலை பார்த்தவர்கள் அந்தப் பேச்சை எடுத்தாலே பெருமூச்சு விடுவார்கள். இரண்டு பக்கமும் தங்கள் சிறப்பு வசதிகளைக் கைவிட்டுவிட்டு, பொதுவாக இருக்கும் கொஞ்சத்தை வைத்துக் குடும்பம் நடத்த வேண்டும். என்பிவியில் எட்ஜ் வெறும் சர்வர் வேடம் போடுவதால், கோருக்கு அது எந்தக் கம்பெனி என்பதே கவலையில்லை. ஃபர்ம்வேர் அப்கிரேடிலும் இதே நிம்மதி உண்டு: எட்ஜின் பதிப்பும் கோரின் பதிப்பும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுமா என்று அட்டவணை பார்க்கும் வேலை பாதியாகக் குறையும்.

இவ்வளவு தூரம் படித்தால் என்பிவியே போதும் என்று தோன்றும். வெண்டர் ஸ்லைடுகளும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளும். நான் இந்த இரண்டையும் எல்லாம் நன்றாக ஓடும் நாளில் வைத்து ஒப்பிடுவதில்லை. அப்லிங்க் (எட்ஜிலிருந்து கோருக்குப் போகும் இணைப்பு) ஒன்று அறுந்த நாளில் என்ன ஆகும் என்று பார்ப்பேன்.

முழு சுவிட்ச் என்றால், நான்கு ஐஎஸ்எல்களில் ஒன்று விழுந்தால் டிராஃபிக் மற்ற மூன்றுக்கு மாறும். அந்த நொடியில் வழியில் இருந்த சில ஃபிரேம்கள் போகலாம். ஆனால் சர்வரின் லாகின் அப்படியே இருக்கும், முகவரியும் மாறாது. ஏனென்றால் அந்த முகவரியைக் கொடுத்தது எட்ஜ் சுவிட்ச். அது உயிரோடுதான் இருக்கிறது.

என்பிவியில் லாகின் இருப்பது கோரில். ஒவ்வொரு சர்வரும் லாகின் ஆகும்போதே ஒரு அப்லிங்க்கோடு கட்டப்பட்டுவிடுகிறது. அந்த அப்லிங்க் விழுந்தால், அதோடு கட்டிய சர்வர்கள் எல்லாம் லாக்அவுட் ஆகி, வேறு அப்லிங்க் வழியாக மறுபடி லாகின் ஆக வேண்டும். மல்டிபாத் (ஸ்டோரேஜை அடைய ஒன்றுக்கு மேற்பட்ட பாதை) சரியாக இருந்தால் அந்த நேரத்தை இன்னொரு ஃபேப்ரிக் தாங்கிக்கொள்ளும். அப்புறம் இன்னொன்று: கோரில் வேறு போர்ட் வழியாக வருவதால் முகவரி மாறலாம். சிஸ்கோ கோர், ஒரு சர்வரின் டபிள்யூடபிள்யூபிஎன்னுக்கு (ஹெச்பிஏ போர்ட்டின் அடையாள எண்) முன்பு கொடுத்த முகவரியை நினைவில் வைத்திருந்து அதையே கொடுக்கும். போர்ட்டை வைத்து முகவரி கொடுக்கும் கோரில் அது புதிதாகத்தான் வரும். லினக்ஸும் விண்டோஸும் இதைக் கண்டுகொள்ளாது. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸில் ஃபைபர் சேனல் அடாப்டரின் டைனமிக் டிராக்கிங் 'யெஸ்' என்று இல்லாவிட்டால் அந்தப் பாதையில் டிஸ்க் தெரியாமல் போகும். பழைய ஹெச்பி-யுஎக்ஸில் டிவைஸ் பெயரிலேயே முகவரி கலந்திருக்கும். முகவரி மாறினால் டிஸ்க்கின் பெயரே மாறிவிடும். அந்த மாதிரி பழைய மெஷின்கள் இன்னும் இருக்கும் இடத்தில், என்பிவி போடுவதற்கு முன் நான் இரண்டு முறை கேட்பேன்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு சேஸிஸில் நான்கு சர்வர்கள் மட்டும் ராத்திரி முழுக்க மல்டிபாத் எரர் கக்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் பாதை போகும், வரும். ஸ்டோரேஜ் டீம் சர்வரைக் கைகாட்டியது. சர்வர் டீம் ஸ்டோரேஜைக் கைகாட்டியது. கடைசியில் பேட்ச் பேனலில் ஒரு எல்சி கனெக்டரில் தூசி. அந்த அப்லிங்க் விழுந்து எழுந்துகொண்டே இருந்தது. விழுந்தால் நான்கு சர்வர்களும் வேறு அப்லிங்க்குக்குப் போகின்றன. எழுந்தவுடன் ஃபெயில்பேக் அவற்றைப் பழைய இடத்துக்கே இழுத்துவருகிறது. ஆக, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு லாக்அவுட். ஃபெயில்பேக்கை நாங்களே நிறுத்தி வைத்திருந்தால், முதல் தடவை விழுந்ததோடு நான்கு சர்வர்களும் நல்ல அப்லிங்க்கில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். கனெக்டரைத் துடைக்க ஒரு நிமிடம் ஆனது. கண்டுபிடிக்க விடிந்துவிட்டது.

இதற்கு மருந்து உண்டு: அப்லிங்க்குகளைச் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டுவது. சிஸ்கோவில் எஃப் போர்ட் சேனல், பிரோகேடில் எஃப் போர்ட் டிரங்கிங். கட்டில் ஒரு இழை அறுந்தாலும் லாகின் போகாது, முகவரியும் மாறாது. லோடும் சமமாகப் பிரியும். ஆனால் எட்ஜும் கோரும் ஒரே வெண்டராக இருந்தால்தான் இந்தக் கட்டு சரியாக நடக்கும். கலப்பு வெண்டர் என்பதற்காக என்பிவிக்கு வந்தவர்களுக்கு, என்பிவியின் பெரிய குறையைத் தீர்க்கும் மருந்து கிடைப்பதில்லை. இந்த முரணை முதல் நாளே தெரிந்துகொண்டால் போதும், திட்டம் போட்டுச் சமாளித்துவிடலாம்.

லாகின் எண்ணிக்கையையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். 16 பிளேட், 4 அப்லிங்க். சாதாரண சர்வர்கள் என்றால் அப்லிங்க் ஒன்றுக்கு 4 லாகின், எட்ஜுக்கென்று 1. ஒன்றுமே இல்லை. இதே பிளேடுகளில் ஒவ்வொன்றும் 20 வர்ச்சுவல் மெஷின்களுக்கு என்பிஐவி கொடுத்தால், பிளேடுக்கு 21 லாகின், மொத்தம் 336. நான்கு அப்லிங்க்கில் பிரித்தால் 84. ஒரு அப்லிங்க் விழுந்தால் 112. இரண்டு விழுந்தால் 168. பிரோகேடில் ஒரு போர்ட்டுக்கு இயல்பான லாகின் வரம்பு 126. அதாவது இரண்டாவது அப்லிங்க் விழும் நாளில், மிச்சமிருக்கும் இரண்டிலும் சேர்த்து 80 சொச்சம் லாகின்கள் வாசலிலேயே நின்றுவிடும். வரம்பை 255 வரை உயர்த்தலாம். ஆனால் விழுந்த அன்று ராத்திரி இந்தக் கட்டளையைத் தேடிக்கொண்டிருப்பது சுகமான அனுபவம் அல்ல.

சின்னச் சின்ன வேறுபாடுகள் வேறு சிலவும் உண்டு. என்பிவி சுவிட்சில் லோக்கல் சுவிட்சிங் கிடையாது. ஸ்டோரேஜையோ டேப் லைப்ரரியையோ எட்ஜிலேயே செருகப் போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், முழு சுவிட்ச்தான். யுசிஎஸ்ஸின் சுவிட்சான ஃபேப்ரிக் இன்டர்கனெக்டில் ஸ்டோரேஜை நேரடியாகச் செருக எஃப்சி சுவிட்சிங் மோடுக்கு மாற வேண்டியிருப்பது இதனால்தான். டொமைன்-போர்ட் வைத்து ஜோனிங் செய்து பழகிய இடங்களில் இன்னொரு சிக்கல்: என்பிவிக்குப் பின்னால் இருக்கும் சர்வர்கள் எல்லாம் கோரின் ஒரே போர்ட்டில் தெரியும். அந்த போர்ட்டை ஜோனில் போட்டால் எல்லாருக்கும் கதவு திறந்துவிடும். டபிள்யூடபிள்யூபிஎன் ஜோனிங்குக்கு மாறாமல் என்பிவி பக்கம் வரக்கூடாது.

டிரபிள்ஷூட்டிங்கில் என்பிவி கொஞ்சம் படுத்தும். கோரில் போர்ட்டைப் பார்த்தால் சிஆர்சி எரர் (ஃபிரேம் கெட்டு வருவது) அப்லிங்க்கின் கணக்கில்தான் ஏறியிருக்கும். எந்த சர்வரின் கேபிள் கெட்டது என்று அறிய எட்ஜில் போய்ப் பார்க்க வேண்டும். அந்த எட்ஜின் பாஸ்வேர்ட் பல இடங்களில் சர்வர் டீமிடம் இருக்கும். இது டெக்னாலஜி பிரச்சினை அல்ல, ஆபீஸ் பிரச்சினை. ஆனால் முடிவு எடுக்கும்போது இதற்கும் எடை உண்டு. எட்ஜ் சர்வர் டீமின் பொறுப்பு, கோர் சான் டீமின் பொறுப்பு என்று கோடு கிழிக்க வேண்டும் என்றால் அதற்கு என்பிவிதான் பொருத்தம். அந்தப் பக்கத்தில் யார் என்ன செய்தாலும் ஃபேப்ரிக்கின் ஜோனிங்கில் கை வைக்க முடியாது.

மூன்றாவது வழி ஒன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். சேஸிஸில் சுவிட்சே வேண்டாம், பாஸ்-த்ரூ மாட்யூல் போட்டு 16 பிளேடுகளின் 16 கேபிளையும் நேராக டைரக்டருக்கு (பெரிய கோர் சுவிட்ச்) இழுத்துவிடலாம். நிர்வகிக்க ஒரு பெட்டி குறைவு, பகிர்ந்துகொள்ள அப்லிங்க்கும் இல்லை. 8 ஜிகாபிட் பிளேடுகள் 16-ஐ அதே வேகத்தில் 4 அப்லிங்க்கில் அடைத்தால் 4:1 நெருக்கடி. இங்கே அது கிடையாது. விலை டைரக்டர் போர்ட்டில் ஏறும். கேபிள் காடும் ஏறும். ஒரே ஒரு சேஸிஸ், அதில் கனமான டேட்டாபேஸ் என்றால் நான் இதைத்தான் பரிசீலிப்பேன். ஐந்து சேஸிஸ் என்றால் மாட்டேன்.

சரி, வர்ச்சுவல் மெஷின்களுக்கு என்பிஐவி கொடுக்கலாமா என்பது இதன் அடுத்த வீட்டுக் கேள்வி. இங்கே பதில் எந்த ஹைப்பர்வைசர் என்பதைப் பொறுத்தது.

விஎம்வேர் 2007-இல் இஎஸ்எக்ஸ் 3.5-இலேயே இதைக் கொண்டுவந்தது. ஆனால் ஆர்டிஎம் டிஸ்க்குகளோடு (ஸ்டோரேஜ் டிஸ்க்கை மெஷினுக்கு நேராகக் கொடுப்பது) மட்டுமே இயங்கும். பல மெஷின்கள் பகிரும் விஎம்எஃப்எஸ் டேட்டாஸ்டோரின் சௌகரியங்களை விட்டுவிட்டு, ஒவ்வொரு மெஷினுக்கும் தனி ஜோனிங், தனி மாஸ்கிங் (ஸ்டோரேஜ் பக்கத்து அனுமதி) செய்துகொண்டு உட்கார வேண்டும். அசல் ஹெச்பிஏவுக்கும் அதே லூன்களை, அதாவது ஸ்டோரேஜ் கொடுக்கும் டிஸ்க்குகளை, காட்டியாக வேண்டும். அந்த மெஷினுக்கு ஸ்டோரேஜ் விமோஷனும் (ஓடும்போதே டிஸ்க்கை இடம் மாற்றுவது) கிடையாது. நான் அங்கே டேட்டாஸ்டோரோடு நிறுத்திக்கொள்வேன். ஹைப்பர்-வியில் விண்டோஸ் சர்வர் 2012 முதல் வர்ச்சுவல் ஃபைபர் சேனல் உண்டு. ஒரு மெஷினுக்கு நான்கு அடாப்டர் வரை. கெஸ்ட் கிளஸ்டருக்கு (வர்ச்சுவல் மெஷின்களைச் சேர்த்துக் கட்டும் கிளஸ்டர்) உதவும், மற்றபடி தேவை அபூர்வம்.

ஐபிஎம் பவர் மெஷின்களில் நிலைமை தலைகீழ். அங்கே என்பிஐவிதான் என் முதல் தேர்வு. போட்டியாக நிற்பது விஸ்கசி, அதாவது டிஸ்க்கை விஐஓஎஸ் (ஐ/ஓவைப் பகிர்ந்து கொடுக்கும் பார்ட்டிஷன்) வழியாகக் கொடுப்பது. அதில் ஸ்டோரேஜிலிருந்து வரும் ஒவ்வொரு லூனையும் முதலில் இரண்டு விஐஓஎஸ்ஸிலும் கண்டுபிடித்து, ரிசர்வ் பாலிசியை மாற்றி, ஒவ்வொன்றாக எல்பாருக்கு (பவரில் வர்ச்சுவல் மெஷின் மாதிரி) மேப் செய்ய வேண்டும். 60 லூன் உள்ள டேட்டாபேஸ் என்றால் 120 மேப்பிங். ஒன்று தவறினாலும் எந்த டிஸ்க் யாருடையது என்று தேடும் படலம். என்பிஐவியில் விஐஓஎஸ் வெறும் வழிவிடும் ஆள். ஸ்டோரேஜ் டீம் லூனை நேராக எல்பாரின் டபிள்யூடபிள்யூபிஎன்னுக்குக் கொடுத்துவிடும். விஐஓஎஸ் பக்கம் எட்டிப் பார்க்கவே தேவையில்லை. டேப் டிரைவும் இதே வழியில் வந்துவிடும்.

அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது, விழாதவர்கள் குறைவு. ஒவ்வொரு வர்ச்சுவல் அடாப்டருக்கும் இரண்டு டபிள்யூடபிள்யூபிஎன் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றுதான் லாகின் ஆகியிருக்கும். இரண்டாவது, லைவ் பார்ட்டிஷன் மொபிலிட்டிக்காகக் காத்திருப்பது. எல்பார் வேறு மெஷினுக்கு நகரும்போது அங்கே லாகின் ஆவது அதுதான். லாகின் ஆகாததால் சுவிட்சின் நேம் சர்வரில் அது தெரியாது. தெரியாததால் ஜோனிங் செய்பவர் விட்டுவிடுவார். ஒரு வருடம் எல்லாம் நன்றாக ஓடும். பராமரிப்புக்காக எல்பாரை நகர்த்தும் நாளில் வேலிடேஷன் சிவப்பில் நிற்கும். ஹெச்எம்சியில் (பவர் மெஷின்களை நிர்வகிக்கும் கன்சோல்) இரண்டு எண்களையும் முன்கூட்டியே லாகின் செய்ய வைக்கக் கட்டளை இருக்கிறது. ஜோனிங் நாளிலேயே அதை ஓட்டிவிட்டு, இரண்டையும் ஜோனிலும் ஸ்டோரேஜிலும் சேர்த்துவிடுவது உத்தமம். ரூட்விஜியை (ஏஐஎக்ஸ் பூட் ஆகும் டிஸ்க்) மட்டும் விஸ்கசியில் வைத்து, டேட்டாவை என்பிஐவியில் வைக்கும் வழக்கமும் உண்டு. சானில் ஜோனிங் சொதப்பினாலும் எல்பார் பூட் ஆகி எழுந்து, என்ன சொதப்பல் என்று பார்க்க வழிவிடும் என்பதால் எனக்கு அது பிடிக்கும்.

மறுபடி சேஸிஸுக்கு வருவோம். மூன்று, நான்கு சேஸிஸுக்கு மேல் போகப்போகிறது, அல்லது எட்ஜும் கோரும் வேறு வெண்டர் என்றால் என்பிவி. ஒரே வெண்டர் என்றால் கட்டாயம் அப்லிங்க்கைக் கட்டாகக் கட்டிவிட்டு என்பிவி. கலப்பு என்றால் ஃபெயில்பேக்கை நிறுத்திவிட்டு, எந்த சர்வர் எந்த அப்லிங்க் என்று கையாலேயே பிரித்து எழுதிவிட்டு என்பிவி. மொத்த சானே இரண்டு, மூன்று சுவிட்ச்தான், டேப்பும் ஸ்டோரேஜும் எங்கே வேண்டுமானாலும் செருகுவோம் என்கிற சின்ன இடமாக இருந்தால் முழு சுவிட்சாகவே விட்டுவிடுங்கள். அங்கே என்பிவி போட்டால் கிடைப்பதை விட இழப்பது அதிகம். பழைய ஹெச்பி-யுஎக்ஸ் மூலையில் ஓடிக்கொண்டிருந்தால் அந்த மெஷினை மட்டும் நேராகக் கோரில் செருகிவிட்டு, மற்றவற்றுக்கு மேலே சொன்னபடி.

எதுவானாலும் புரொடக்‌ஷன் ஏறுவதற்கு முன் ஒரு மதியம் ஒதுக்கி, ஒரு சர்வரில் டிஸ்க் லோடு ஓட்டிக்கொண்டே அப்லிங்க் கேபிள் ஒன்றைக் கையால் பிடுங்கிப் பாருங்கள். கோரில் லாகின் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு பிடுங்க வேண்டும். 010203 என்று இருந்த சர்வர் எத்தனை நொடியில், எந்த முகவரியோடு திரும்பி வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கேபிளைத் திரும்பச் செருகிவிட்டு, அது மறுபடியும் இடம் மாறுகிறதா என்று ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள்.